சந்தாதாரர்களின் கோபம்

களவு கொடுத்தவன் கோபங்கொள்வது இயற்கை. தன் பொருளைப் பிறரிடம் நம்பி ஒப்படைத்து, அங்கிருந்து அது களவு போனாலோ, அவனுடைய கோபம் திருடன்மீது பாதியும் காவலன்மீது பாதியுமாகப் பிரிந்து நிற்கும். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு அவன் பிற்பாடு என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்தே அவனுக்கு நியாயம் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் இருக்கிறது. 2011-ம் வருஷத்தில் ஸோனி கம்பெனியாரின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் என்னும் விளையாட்டுச் சேவையில் நடந்த தகவல் களவும், அதையொட்டி அதன் சந்தாதாரர்கள் நடந்துகொண்ட விதமும் இவ்விஷயத்தில் ஆழ்ந்து கவனிக்கத்தக்கவை. விளையாட்டுப் பிள்ளைகளின் சமாசாரந்தானே என்று ஒதுக்குவது தவறு. பெயர், விலாசம், பிறந்த தேதி, பாங்கு அட்டையின் எண் ஆகியவற்றை முகமறியாத கம்பெனிகளிடம் கொடுத்து வைக்காதவர் இன்று வெகு சிலரே.

நடந்த விவரத்தை முதலில் சுருக்கமாகக் கூறுவோம். பிளேஸ்டேஷன் என்பது வீட்டு டெலிவிஷனுடன் இணைத்து விளையாடும் ஒரு யந்திரம். அதன் நெட்வொர்க்கில் பதிவு செய்துகொண்டவர் தூரதேசத்தாரோடும் சேர்ந்து விளையாடலாம். புதிய ஆட்டங்களை விலைக்கு வாங்கலாம். 2011 ஏப்ரல் 17-ந் தேதி முதல் 19-ந் தேதி வரையில் யாரோ கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்தனர். 20-ந் தேதி கம்பெனியார் நெட்வொர்க் முழுவதையும் நிறுத்திவிட்டனர். வெளியார் அத்துமீறிப் புகுந்ததே காரணம் என்று 22-ந் தேதி அறிவித்தனர். சந்தாதாரர்களின் சொந்த விவரங்கள் களவு போயின என்பதை 26-ந் தேதிதான் பகிரங்கமாக ஒப்புக்கொண்டனர். அக்களவில் அகப்பட்டவை சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகள். அவற்றில் சுமார் 1 கோடியே 23 லட்சம் கணக்குகளில் கடன் அட்டை எண்களும் இருந்தன. அந்த எண்கள் சங்கேதமாக மாற்றி வைக்கப்பட்டிருந்தன என்றும், அவை களவு போனதற்குச் சாட்சியம் இல்லை என்றும், ஆயினும் போகவில்லை என்று உறுதி கூற இயலாது என்றும் கம்பெனியார் தெரிவித்தனர்.

மே 2-ந் தேதி இன்னொரு செய்தி வெளிவந்தது. அதே கம்பெனியைச் சேர்ந்த ஸோனி ஆன்லைன் என்டர்டெயின்மெண்ட் என்னும் கிளையிலும் 2 கோடியே 46 லட்சம் கணக்குகள் களவில் அகப்பட்டிருந்தன. 2007-ம் வருஷத்துப் பழைய பதிவேடு ஒன்றிலிருந்த சுமார் 12,700 அட்டை எண்களும் அவற்றோடு போயிருக்கலாம் என்று கூறப்பட்டது. உபயோகம் தீர்ந்துபோன ஏட்டை நான்கு வருஷகாலம் எதற்காகக் காத்து வைத்திருந்தார்கள் என்ற கேள்வி யாருக்கும் எழக்கூடியதே.

இனிச் சந்தாதாரர்களின் மனநிலையைப் பார்ப்போம். அவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகக் கோபிக்கவில்லை. விளையாட்டு நின்றுபோயிற்றே என்று வருந்தினவர் ஒரு சாரார். தகவல் போனதைவிட, போன செய்தியை ஒரு வாரம் மூடி வைத்ததே பெருங்குற்றம் என்றனர் மற்றொரு சாரார். நமது அபிப்பிராயத்தில் இரண்டாவது சாராரின் பக்கமே நியாயம் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் ஒருவன் தன் அட்டையை ரத்து செய்திருக்கலாம். அதே கடவுச்சொல்லை வேறு இடங்களில் வைத்திருந்தால் அதை மாற்றியிருக்கலாம். களவைத் தடுக்கத் தவறியது கம்பெனியின் பலவீனம் என்றே கொள்வோம். சந்தாதாரன் தன்னைக் காத்துக்கொள்ளும் அவகாசத்தைப் பறித்ததற்கு என்ன பெயரிடுவது? இனி, கம்பெனிக்கே பரிந்து பேசினவர்களும் இருந்தனர். கம்பெனியும் களவு கொடுத்ததுதானே, அதன்மீது பாய்வானேன் என்பது அவர்கள் வாதம். பிறர் பொருளைப் பெற்று வைத்திருப்பவனுக்கு இந்த வாதம் முழு விடுதலை தராது.

பொதுக் கோபம் வீண்போகவில்லை. அமெரிக்க செனட்டர் ரிச்சர்டு புளூமெந்தால் ஏப்ரல் 26-ந் தேதியே கம்பெனிக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். மறுநாள் கலிபோர்னியா பெடரல் கோர்ட்டில், எல்லாச் சந்தாதாரர்களின் சார்பாகவும் ஒரு வழக்குத் தாக்கலாயிற்று. மே மாதத் தொடக்கத்தில் காங்கிரஸ் உபகமிட்டியின் முன் வந்து சாட்சி சொல்லக் கம்பெனியார் மறுத்து, பதிலைக் கடிதத்தில் அனுப்பினர். கமிட்டித் தலைவியான மேரி போனோ மாக் இதைக் கடுமையாகக் கண்டித்தார். ஜூன் 2-ந் தேதி கம்பெனியின் பிரதிநிதி நேரில் வந்து பதில் சொல்லும்படி ஆயிற்று. அதற்கு முன்பே, மே 1-ந் தேதி, டோக்கியோவில் கஸுவோ ஹிராயும் வேறு இரு அதிகாரிகளும் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் தலைவணங்கி மன்னிப்புக் கேட்டிருந்தனர்.

மன்னிப்பைத் தொடர்ந்து சன்மானம் வந்தது. மே மாதத்தின் நடுவில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நெட்வொர்க் மறுபடி இயங்கத் தொடங்கிற்று. ஜப்பானிய சர்க்கார் மட்டும் பந்தோபஸ்து ஏற்பாடுகளைப்பற்றித் தங்களுக்குத் திருப்தி ஏற்படும்வரை அனுமதி தர மறுத்தனர். திரும்பி வந்த சந்தாதாரர்களுக்கு இரண்டு ஆட்டங்கள் இனாம், விசேஷச் சந்தா 30 நாட்களுக்கு இனாம் என்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் பொறுக்கிக்கொள்ளும்படி காட்டப்பட்ட ஐந்து ஆட்டங்களும் 2007-க்கும் 2010-க்கும் இடையே வெளியானவை. ஆயினும் ஜனங்கள் திரும்பினர். களவுக்குப் பிறகு 30 லட்சம் பேர் புதிதாகச் சேர்ந்திருக்கின்றனர் என்று அவ்வருஷம் செப்டம்பரிலேயே கம்பெனித் தலைவர் ஹோவர்டு ஸ்ட்ரிங்கர் பெருமையுடன் கூறினார்.

அந்த செப்டம்பரில்தான் மற்றொரு காரியமும் நடந்தது. இதைப்பற்றி எழுந்த கோபம் ஏப்ரல் மாதத்துக் கோபத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதே நமது வருத்தம். நெட்வொர்க்கின் உபயோக ஒப்பந்தத்தில் கம்பெனியார் புதிய ஷரத்து ஒன்றைச் சேர்த்தனர். அமெரிக்கச் சந்தாதாரர்கள் இனிமேல் ஒன்றுசேர்ந்து கூட்டு வழக்குத் தொடரக் கூடாது. ஒவ்வொருவரும் தனித்தனியே மத்தியஸ்தரிடம் போக வேண்டும் என்பது அதன் சாரம். சம்மதிக்காதவர் நெட்வொர்க்கை உபயோகிக்க இயலாது. ஷரத்திலிருந்து மட்டும் விலகிக்கொள்ள விரும்புவோர் 30 நாட்களுக்குள் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் காகிதத்தில் கடிதம் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். சம்மதிப்பதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மறுப்பதற்கோ காகிதமும் மசியும் தபால் தலையும் தேவை!

இத்தகைய ஷரத்துக்குப் பலம் கொடுத்தது அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் ஒரு தீர்ப்பு. ஏ.டி. அண்டு டி. என்னும் டெலிபோன் கம்பெனி தொடர்பான வழக்கில், கூட்டு வழக்கைத் தடுக்கும் இவ்வகை ஷரத்துகளை மாகாணச் சட்டத்தைக் கொண்டு தள்ளிவிட முடியாது என்று ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாக நின்று தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பு வெளியான தினம் 2011 ஏப்ரல் 27. ஸோனி சந்தாதாரர்களின் முதல் கூட்டு வழக்குத் தாக்கலானதும் அதே தினம். அவ்வழக்கின் மூலகாரணமோ சுமார் 30 டாலர் வரி! முப்பது டாலருக்காகத் தனியாக ஒரு வக்கீலை அமர்த்தி, பெரிய கம்பெனியை எதிர்த்து வழக்காடுபவன் உலகத்தில் உண்டோ? சிறு நஷ்டம் அடைந்த பல லட்சம் பேருக்கு ஒன்றுசேர்வதைத் தவிர வேறு பலம் இல்லை.

புதிய ஷரத்து பழைய வழக்குகளைப் பாதிக்கவில்லை. அவற்றின் முடிவையும் கவனிப்போம். 2012 அக்டோபரில் ஸான் டியாகோ பெடரல் கோர்ட்டு வாதிகளின் கோரிக்கைகளில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டது. பூரணமான பாதுகாப்பு என்று ஒன்று கிடையாது எனக் கம்பெனியார் தங்கள் அறிக்கையிலேயே எச்சரித்திருந்தனர் என்பது ஒரு காரணம். நெட்வொர்க்கில் சேரக் கட்டணம் இல்லை என்பது மற்றொரு காரணம். ஒருவனுடைய சொந்த விவரங்கள், ஒப்படைத்துத் திரும்பப் பெறக்கூடிய அடமானப் பொருள் போன்றவை அல்ல என்றும் கோர்ட்டு கூறியது. எஞ்சிய சில கோரிக்கைகளின்பேரில் 2014-ல் ராஜி ஏற்பட்டது. அதன் மதிப்பு 1 கோடியே 50 லட்சம் டாலர் வரை என்று கணக்கிடப்பட்டது. அதில் பெரும்பங்கு மறுபடியும் இனாம் ஆட்டங்களும் இனாம் சந்தாவுமே. பிரிட்டனில் தகவல் பாதுகாப்புக் கமிஷனர் 2013 ஜனவரியில் 2 லட்சத்து 50 ஆயிரம் பவுன் அபராதம் விதித்தார். சாப்ட்வேரைக் காலத்தோடு புதுப்பித்திருந்தால் களவைத் தடுத்திருக்கலாம் என்றும் கண்டித்தார். அபராதப் பணம் சர்க்கார் கஜானாவுக்குப் போயிற்று. களவு கொடுத்தவன் கைக்கு வரவில்லை.

சந்தாதாரனுக்கு உண்மையில் என்ன நஷ்டம், அட்டைகளில் பணம் போனதாக நிரூபணம் இல்லையே என்று கேட்பாருண்டு. அட்டையை மாற்றிவிடலாம், கடவுச்சொல்லையும் மாற்றலாம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது? ஒருமுறை வெளியே போன விவரம் பத்து வருஷம் கழித்தும் ஒரு மோசக்காரனுக்குப் பயன்படக்கூடும். இந்த நஷ்டத்தை இன்றைய ரூபாய் அணாக் கணக்கில் காட்ட முடியாது என்பதனாலேயே அது நஷ்டம் அன்று என்றாகிவிடாது.

ஆகவே இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய முடிவு யாது? கோபம் நியாயமானதே. அதுவே கம்பெனியாரைத் தலைவணங்கச் செய்தது. சட்டசபைக்கு இழுத்து வந்தது. ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கியதும் கோபம் தணிந்தது. கோபம் தணிந்த சமயம் பார்த்து உரிமையில் கை வைத்தார்கள். இனாம் பொருளை வாங்கிக்கொள்வதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அதை வாங்கும் கையால் கூட்டாக முறையிடும் உரிமையை எழுதிக் கொடுத்துவிடுவதையே ஆட்சேபிக்கிறோம்.

பொது வாழ்வில் ஈடுபட்டுள்ள நமது வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. தகவல் களவுபோனால் உடனே தெரிவிக்க வேண்டும். தேவை தீர்ந்த விவரங்களை அழித்துவிட வேண்டும். நஷ்ட ஈடு களவு கொடுத்தவனுக்கே சேர வேண்டும். கூட்டு வழக்குரிமையை எந்த ஒப்பந்தமும் பறிக்கக் கூடாது. இந்நான்கையும் சட்டமாகவே கோரிப் பெற வேண்டும். ஒரு கம்பெனியின் மன்னிப்பையோ மறுகம்பெனியின் வாக்குறுதியையோ நம்பி இருப்பது பயன்படாது. தவிர, ஒப்பந்தம் மாறியிருக்கிறது என்று அறிவிப்பு வரும்போது, களவு நடந்த தினத்தன்று காட்டிய அக்கறையில் பாதியையாவது காட்டி, அதைப் படித்துப் பார்த்துச் சம்மதம் கொடுக்கும் வழக்கத்தை ஜனங்கள் கைக்கொள்வார்களாக.