வழுக்கைக்கு வரவிருக்கும் மருந்து

தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் கூடும் இடங்களில் தவறாது எழும் பேச்சுகளுள் தண்ணீரைப் பற்றிய பேச்சும் ஒன்று. தில்லியின் கரோல் பாக்காயினும், மும்பையின் மாதுங்காவாயினும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டாயினும், "ஊரில் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது, இந்தத் தண்ணீர் பட்டதும் கொட்டத் தொடங்கிவிட்டது" என்று தலையைத் தடவிக்கொள்வோர் பலர். ஊரிலிருந்து வருவோரிடம் செக்கு எண்ணெயும் சீயக்காய்த் தூளும் கொண்டுவரச் சொல்வதும் வழக்கம். அண்மைக் காலத்தில் இப்பேச்சில் புதியதொரு கேள்வி புகுந்திருக்கிறது. வழுக்கைக்கு இன்னும் ஓரிரு ஆண்டுகளில் மருந்து வந்துவிடும் என்கிறார்களே, அதுவரை பொறுத்திருக்கலாமா என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் இருபத்தைந்து வயதை எட்டாத இளைஞர். அல்லது அவருக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கும் பெற்றோர். ஆகவே இதனை வீண் பேச்சென்று தள்ளிவிடாமல் சற்று ஆராய்வோம்.

முதலில் தண்ணீரின் மீது சுமத்தப்படும் குற்றத்தைப் பார்ப்போம். மனிதன் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்கள் உண்டு. ஒவ்வொரு மயிரும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்கிறது. பின்பு இரண்டு மூன்று வாரங்களில் அதன் வேர் சுருங்குகிறது. அதன்பின் சுமார் மூன்று மாதம் உறக்க நிலையில் இருந்து உதிர்கிறது. அதே குழியிலிருந்து புதிய மயிர் முளைக்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பே. கடுங்காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவைச் சிகிச்சை, உணவுக் குறைவு, மிகுந்த மனக்கவலை ஆகியவற்றுள் ஏதேனும் நேர்ந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் மயிர்களுள் பல ஒருசேர உறக்க நிலைக்குச் சென்றுவிடுகின்றன. அவை உதிர்வதோ இரண்டு மூன்று மாதம் கழித்து. புதிய ஊருக்கு வந்தவுடன் உணவு மாறுகிறது, ஓட்டல் சாப்பாடு தொடங்குகிறது, ஒரு காய்ச்சலும் வந்து போகிறது. மூன்றாம் மாதம் சீப்பில் கொத்தாக மயிர் வரும்போது காய்ச்சல் நினைவிலிருந்து மறைந்துவிடுகிறது. எதிரே நிற்பது குழாய்த் தண்ணீர் மட்டுமே. இவ்வகை உதிர்வு, காரணம் நீங்கினால், பெரும்பாலும் சில மாதங்களில் தானே சீராகிவிடும்.

இன்னொரு தற்செயலும் உண்டு. ஆண்களுக்குப் பரம்பரை வழுக்கை தலைகாட்டத் தொடங்கும் வயதும், படிப்பை முடித்து வேலை தேடி வெளி மாநிலம் செல்லும் வயதும் ஏறத்தாழ ஒன்றே. உப்பு மிகுந்த நீர் மயிரைச் சொரசொரப்பாக்கலாம். ஆனால் தோலுக்கடியில் நடக்கும் பரம்பரை வழுக்கையை அது உண்டாக்குவதில்லை. தேங்காய் எண்ணெயும் அவ்வாறே: வெளியே தெரியும் மயிரைச் சேதத்தினின்று காக்கும் ஆற்றல் அதற்கு உண்டு, சுருங்கிப்போன வேரை அது பெருக்காது. மொட்டையடித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்பதையும் இவ்வரிசையிலேயே சேர்க்க வேண்டும். பழனியிலும் திருப்பதியிலும் முடி இறக்குவது பக்தியின்பாற்பட்ட செயல். நாவிதரின் கத்தி வேர்வரை செல்வதில்லை.

பரம்பரை வழுக்கையின் காரணத்தை விஞ்ஞானம் கண்டறிந்த வரலாறு சுவையானது. அமெரிக்க உடற்கூற்று அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன், பருவமடையும் முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களை ஆராய்ந்து, அவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை 1942-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர்களுள் வழுக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தோருக்கு ஆண் ஹார்மோன் செலுத்தியபோது மயிர் உதிரத் தொடங்கியது. ஹார்மோனும் வேண்டும், பரம்பரைத் தன்மையும் வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று. அடுத்த திறவுகோல் கரீபியன் கடலிலுள்ள டொமினிகன் குடியரசில் கிடைத்தது. அங்குச் சில குடும்பங்களில் பெண்களைப் போலத் தோன்றப் பிறந்து, பருவ வயதில் ஆண் தன்மை பெறும் பிள்ளைகள் இருந்தனர். டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஹார்மோனை, டைஹைட்ரோ டெஸ்டோஸ்டெரோன் என்னும் மேலும் வீரியமுள்ள பொருளாக மாற்றும் நொதி அவர்கள் உடலில் குறைவாயிருந்தது. 1974-இல் வெளியான அவ்வாராய்ச்சி, வளர்ந்த பின்னும் அவர்களுக்கு வழுக்கை விழவில்லை என்பதையும் தெரிவித்தது. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டெரைடு என்னும் மருந்து, முதலில் 1992-இல் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்கும், பின்னர் 1997-இல் ஒரு மில்லிகிராம் அளவில் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மினாக்ஸிடில் என்னும் மற்றொரு மருந்தின் வரவு வேறு விதம். அது இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. அதனை உட்கொண்டவர்க்கு வேண்டாத இடங்களிலெல்லாம் மயிர் வளர்வதைக் கண்ட மருத்துவர்கள், அத்தொல்லையையே பயனாக மாற்றினர். தலையில் தடவும் திரவமாக 1988-இல் அது அனுமதிக்கப்பட்டது.

இவ்விரண்டும் இன்று நம் நாட்டிலும் கிடைப்பவை. இவை மயிரைக் காக்கின்றன. ஓரளவு மீட்கவும் செய்கின்றன. ஆனால் பயன்படுத்தும் காலம்வரைதான். நிறுத்தினால், காத்த மயிர் ஓராண்டுக்குள் பெரும்பாலும் போய்விடும். ஃபினாஸ்டெரைடு சிலருக்குப் பாலுணர்வுக் குறைவையும் மனச்சோர்வையும் உண்டாக்குவதாகக் கூறப்படுவதால், மருத்துவரின் கண்காணிப்பு இன்றி அதனை உட்கொள்வது கூடாது. கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. இக்குறைகள் இருப்பதனாலேயே புதிய மருந்துக்கு இத்தனை எதிர்பார்ப்பு.

வரவிருக்கும் மருந்துகளுள் அதிகம் பேசப்படுபவை இரண்டு. ஒன்று கிளாஸ்கோடெரோன். அயர்லாந்தின் டப்ளின் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட காஸ்மோ நிறுவனத்தினது. இதன் ஒரு சதவீதக் களிம்பு முகப்பருவுக்காக 2020-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. வழுக்கைக்குத் தயாராவது ஐந்து சதவீதத் திரவம். ஹார்மோன் மயிர்க்காலில் சென்று பொருந்தும் இடத்தை இது முன்கூட்டியே பற்றிக்கொள்கிறது. வீட்டுச் சாவித் துவாரத்தில் வேறொரு சாவியைச் செருகி வைப்பது போன்றது. இரத்தத்தில் கலந்தவுடன் விரைவில் சிதைந்துவிடுவதால், மாத்திரையின் பக்க விளைவுகள் இராது என்பது எதிர்பார்ப்பு. 1,465 ஆண்களைக் கொண்டு நடத்திய இரு பெரும் சோதனைகளின் முடிவுகளை 2025 டிசம்பரில் நிறுவனம் அறிவித்தது. போலி மருந்தோடு ஒப்பிட, ஒரு சோதனையில் 539 சதவீதமும் மற்றொன்றில் 168 சதவீதமும் கூடுதல் பலன் என்பது அவ்வறிவிப்பு.

539 சதவீதம் என்றதும் தலை நிறையக் கருங்கூந்தல் கற்பனையில் எழுகிறது. இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். ஓர் உதாரணம் கொள்வோம். எண்கள் நமது கற்பனையே. சிறு நாணயமளவு இடத்தில் போலி மருந்து தடவியவர்க்கு 2 மயிர் கூடிற்று என்றும், உண்மை மருந்து தடவியவர்க்கு ஏறக்குறைய 13 மயிர் கூடிற்று என்றும் வைத்துக்கொண்டால், அது 539 சதவீதத்தை ஒட்டிய உயர்வே. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த இடத்தில் முன்பே நூற்றைம்பது மயிர் இருந்திருக்குமானால், கண்ணாடியின் முன் நிற்பவர் இவ்வேறுபாட்டைக் காண்பாரா என்பது வேறு கேள்வி. செய்திகளில் தலைப்பாக ஓடியது விகிதம். வாங்குபவர் கேட்க வேண்டியது மயிரின் எண்ணிக்கை. மேலும், ஒரே மருந்து ஒரே வகையான இரு சோதனைகளில் இத்தனை வேறுபட்ட விகிதம் காட்டியிருப்பதும் கவனிக்கத்தக்கது. அடியிலுள்ள எண் மிகச் சிறியதாயின் விகிதம் இவ்வாறு துள்ளுவது இயற்கை. எனினும் இரண்டும் போலி மருந்தினும் மேலான பலனையே காட்டின என்பதை மறுத்தற்கில்லை. இம்மருந்து சந்தைக்கு வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டென்றே நாம் கருதுகிறோம். வழுக்கையை ஒழிக்கும் மருந்தாக அன்று. மாத்திரைக்கு அஞ்சுவோருக்கு மற்றொரு வழியாக.

இரண்டாவது மருந்துக்கு இன்னும் பெயர் சூட்டப்படவில்லை. பிபி 405 என்னும் எண்ணே அதன் பெயர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. மயிர்க்காலின் அடியிலுள்ள மூல உயிரணுக்கள் உணவை எரிக்கும் விதம் பிற உயிரணுக்களினின்று வேறுபட்டது என்பதை அங்குள்ள விஞ்ஞானிகள் 2017-இல் வெளியிட்டனர். அவ்வுயிரணுவின் உள்ளே ஒரு வாயிலை அடைத்துவிட்டால் லாக்டேட் என்னும் பொருள் பெருகி, உறங்கும் மூல உயிரணு விழித்தெழுகிறது. இதில் ஹார்மோனுக்கு வேலையே இல்லை. ஆகவே பெண்களுக்கும் பயன்படக்கூடும் என்பது இதன் சிறப்பு. வழுக்கைத் தலையிலும் மூல உயிரணுக்கள் அழியாமல் இருக்கின்றன, செயலற்றே கிடக்கின்றன என்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 2011-இல் காட்டியது இந்நம்பிக்கைக்குத் துணை நிற்கிறது. இதனை உருவாக்கும் பெலாஜ் நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட செய்தி இது: 78 பேரிடம் நான்கு வாரம் தடவிப் பார்த்ததில், மிகுதியாக மயிர் இழந்த ஆண்களுள் மருந்து பெற்றோரில் 31 சதவீதத்தினருக்கு எட்டாவது வாரத்தில் மயிரடர்த்தி 20 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது; போலி மருந்து பெற்றோரில் ஒருவருக்கும் உயரவில்லை. எட்டு வாரத்தில் பலன் என்பது வியப்புக்குரியதே. ஆனால் எழுபத்தெட்டுப் பேரில் பெண்களைக் கழித்து, குறைவாக இழந்தோரைக் கழித்து, போலி மருந்து பெற்றோரையும் கழித்தால் எஞ்சுவோர் எத்தனை பேர்? அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு என்பது கைவிரல்களில் எண்ணத்தக்க தொகையாகவே இருக்கும்.

நமது தயக்கத்துக்கு ஒரு முன்னிகழ்ச்சியும் உண்டு. அதே பென்சில்வேனியா ஆராய்ச்சியாளர் 2012-இல் வேறொன்றைக் கண்டனர். வழுக்கை விழுந்த இடத்தில் புராஸ்டாகிளாண்டின் டி-2 என்னும் பொருள் மிகுந்திருக்கிறது, அது மயிர் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதே அது. அதனைத் தடுக்கும் செடிபிப்ரான்ட் என்னும் மருந்து முன்பே கைவசம் இருந்தது. இன்னும் இரண்டே ஆண்டு என்று அன்றும் நம்பினோர் பலர். மனிதரிடம் சோதித்தபோது, 2021-இல் வெளியான முடிவின்படி, அம்மருந்து போலி மருந்தினும் சிறந்ததாக இல்லை. ஆராய்ச்சிசாலைக் கண்டுபிடிப்பு பொய்யன்று. அது தலையில் மயிராக முளைக்கவில்லை, அவ்வளவே.

ஆயின் பொறுத்திருக்கலாமா? இருபது ஆண்டுகளுக்கு முன்பே வழுக்கை முழுமையாக விழுந்துவிட்டவர் தாராளமாகப் பொறுத்திருக்கலாம். அவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வயதில் நெற்றி ஏறத் தொடங்கிய இளைஞரின் நிலை அவ்வாறன்று. ஒவ்வொரு சுழற்சியிலும் அவருடைய மயிர்க்கால் சிறுத்துக்கொண்டே வருகிறது. சிறுத்ததை மீட்பது கடினம், இருப்பதைக் காப்பது எளிது. மயிர் அவருக்கு முக்கியம் என்றால், இன்று கிடைக்கும் மருந்தைத் தோல் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கி, புதியது வந்தபின் மாறிக்கொள்வதே அறிவுடைமை. முக்கியம் இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை; வழுக்கையால் ஆயுள் குறைவதில்லை. பெண்களுக்கு முடி மிகுதியாக உதிர்ந்தால், முதலில் இரத்தத்தில் இரும்புச் சத்தையும் தைராய்டையும் சோதித்துக்கொள்வது நலம். வட்ட வட்டமாகத் திடீரென உதிர்வது வேறு நோய். அதற்கு 2022 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தனி மாத்திரைகள் உள்ளன. அவற்றை இத்துடன் குழப்பிக்கொள்ளலாகாது.

காத்திருக்கப் பொறாதவரைப் பிடிக்கக் கடைகள் திறந்தே இருக்கின்றன. சட்ட வாசகங்களை மொழிபெயர்க்கும் பணியில் உள்ள நமக்குப் பழகிப்போன ஆவணம் ஒன்று உண்டு: 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை. எந்நோய்களைத் தடுப்பதாகவோ குணமாக்குவதாகவோ ஒரு மருந்து உரிமை கொண்டாடக்கூடாது என்று அது பட்டியலிடுகிறது. புற்றுநோய், குருட்டுத்தன்மை ஆகியவற்றோடு வழுக்கையும் அப்பட்டியலில் இடம் பெற்றுள்ளது. 'சிகிச்சை' என்பது வேறு, 'குணமாக்கல்' என்பது வேறு. மொழிபெயர்ப்பாளர் இவ்விரு சொற்களையும் ஒன்றாக்கினால் பொருள் கெட்டுவிடும். விளம்பரக்காரர் ஒன்றாக்கினால் வாங்குபவரின் பணம் போகும். முடி நடும் அறுவையிலோ பணத்தோடு உயிரும் போகலாம். கான்பூரில் அவ்வறுவைக்குப் பின் இருவர் இறந்த செய்தி 2025-இல் நாடெங்கும் பேசப்பட்டது. அறுவைப் பயிற்சி பெற்ற பதிவு மருத்துவரே இதனைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவுறுத்தியிருந்தும் நடந்தது அது. தள்ளுபடி விலையைக் கேட்கும் முன், அறுவை செய்பவர் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டுக்கொள்க.

புதிய மருந்தின் சோதனையில் தாமே பங்கேற்க விரும்புவோரும் நம்மிடையே இருக்கலாம். அதில் தவறில்லை. இந்தியாவில் நடைபெறும் சோதனைகள் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். அப்பதிவேட்டை எவரும் பார்க்கலாம். 2019-ஆம் ஆண்டின் விதிகளின்படி, சோதனையைப் பற்றிய விவரங்களைப் பங்கேற்பவர் விளங்கிக்கொள்ளும் எளிய மொழியில் தர வேண்டும். வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர் இதனைக் குறிப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். இந்தியிலோ ஆங்கிலத்திலோ மராத்தியிலோ உள்ள படிவத்தை அரைகுறையாகப் படித்துக் கையெழுத்திட வேண்டுவதில்லை. தமிழில் தருக என்று கேட்கலாம். போலி மருந்து கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு, இடையில் விலகலாமா என்னும் மூன்றும் அப்படிவத்தில் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்க.