சுவரோரம் ஒரு காதல் கதை!

மழை விட்ட மறுநாள், காலேஜ் காம்பவுண்டு சுவர்ல பச்சை வெல்வெட் விரிச்ச மாதிரி ஒண்ணு இருக்குமே... பேன்ட்ல ஒட்டிடும்னு ஒதுங்கிப் போவீங்களே, அந்த ஆசாமியோட லவ் ஸ்டோரிதான் இது.

முதல்ல ஒரு திருத்தம் பாஸ். பாத்ரூம் வாசல்ல உங்களை வழுக்கி விடுறது பெரும்பாலும் ஆல்கா. விரலால தடவினா குட்டிக் குட்டி இலைகள் தட்டுப்படுதா? அது மாஸ். நாமதான் ரெண்டையும் 'பாசி'னு ஒரே பேர்ல கூப்பிட்டுட்டு இருக்கோம்.

மாஸுக்கு நிஜமான வேர் கிடையாது. பூ, விதை ரெண்டும் கிடையாது. நம்ம உடம்பு செல்கள்ல குரோமோசோம் ரெண்டு செட் இருக்கும். விந்தணுவிலும் கருமுட்டையிலும் மட்டும்தான் ஒரு செட். மாஸோ, அந்தப் பச்சை உடம்பு மொத்தத்தையும் ஒரே செட்டை வெச்சு ஓட்டுது! ஒரு செட் தலைமுறை, ரெண்டு செட் தலைமுறைனு மாறி மாறி வர்ற இந்தக் கணக்கின் அடிப்படையை 1851-ல் புத்தகமாகப் போட்டவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஹாஃப்மெய்ஸ்டர். லைப்சிக் நகரத்துல அப்பாவோட கடையைப் பார்த்துக்கிட்டே, மைக்ரோஸ்கோப்பைத் தானாகப் பழகினவர். எந்த யுனிவர்சிட்டியிலும் படிச்சதில்லை. (அரியர் வெச்சிருக்கிறவங்க ரொம்ப சந்தோஷப்பட வேணாம், மனுஷன் பேய் மாதிரி உழைச்சிருக்கார்!)

சரி, காதலுக்கு வருவோம். நடைபாதை விரிசல்ல வெள்ளி பூசின மாதிரி மினுக்குற பிரையம் அர்ஜென்டியம்னு ஒரு மாஸ். ஆண் செடி தனி, பெண் செடி தனி. ஆண் அணுவுக்கு ரெண்டு வால் உண்டு. நீந்தித்தான் போகணும். நடுவுல தண்ணீர்ப் படலம் அறுந்தா கதை முடிஞ்சது. நமக்குக் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத தூரம், அதுக்கு மெரினாவிலிருந்து அந்தமான்!

இந்த இடத்துலதான் நண்பன் கேரக்டர் என்ட்ரி. 2006-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், ஆணையும் பெண்ணையும் பிரிச்சு வெச்சுப் பார்த்தாங்க. இடைவெளி 2 செ.மீ., 4 செ.மீ. சும்மா விட்டப்போ கல்யாணம் கூடலை. ஸ்பிரிங்டெயில்ங்கிற பொடிப் பூச்சிகளையும் உண்ணிகளையும் உள்ளே விட்டப்போ, கரு உண்டாச்சு. ஆண் அணுவை உடம்புல ஒட்டிக்கிட்டுப் போய் டெலிவரி பண்ணியிருக்காங்க! 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு, செரட்டோடான்ங்கிற மாஸை எடுத்துக்கிட்டது. அதுல பெண் செடியோட வாசனைதான் ஸ்பிரிங்டெயில்களை அதிகமாக இழுத்ததாம். பூவே இல்லாத செடி, சென்ட் போட்டு ஆள் கூப்பிடுது!

கருவானதும் குழந்தை அம்மாவை விட்டு நகராது. அம்மா தலை மேலேயே காம்பு மாதிரி வளர்ந்து, நுனியில ஒரு குட்டிக் குடுவை தொங்கும். குரோமோசோம் ரெண்டு செட் இதுக்கு மட்டும்தான். சாப்பாடு பெரும்பாலும் அம்மா கணக்கு. (ஹாஸ்டல் பீஸ் ஞாபகம் வருதா?) இளசா இருக்கிறப்போ குடுவைக்கு ஒரு தொப்பி இருக்கும் பாருங்க, அது அம்மாவோட திசு. அது கழன்று, மூடியும் திறந்தா, வாய் ஓரத்துல வரிசையா பற்கள். ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் ஏத்த மாதிரி அசைஞ்சு, ஸ்போர்களை வெளியே அனுப்பும். காற்றுல போய் ஈரமான இடத்துல விழுறது பச்சை நூலா முளைச்சு, அதுலேர்ந்து மறுபடி இலைச் செடி.

பாட்டனி லேப்ல ஒரு கை லென்ஸ் கடன் கேளுங்க. அடுத்த மழைக்கு அப்புறம் சுவரோரம் குனிஞ்சு, அந்தப் பழுப்புக் காம்புகளைத் தேடுங்க. வாட்ச்மேன் அண்ணன் ஒரு மாதிரிதான் பார்ப்பார். அவர்கிட்டயும் லென்ஸைக் குடுத்துடுங்க!