புதுக் கணனி உயிர் பெறவில்லையா? ‘போர்ட் போய்விட்டது’ என்பதை உடனே நம்பாதீர்கள்

கடைக்கு பில் போடவும் ஸ்டொக் பார்க்கவும் என்று நம் வியாபாரிகளில் பலர் உதிரிப்பாகங்களை வாங்கிக் கணனி பொருத்திக் கொள்கின்றார்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விலை விசாரித்து, கேசிங் ஒரு கடையில், மதர்போர்ட் இன்னொரு கடையில் என்று வாங்கினால் கொஞ்சம் காசு மிச்சம்தான். ஆனால் எல்லாம் பொருத்தி முடித்து பட்டனை அழுத்தும்போது ஒரு சத்தமும் வராவிட்டால் யாரிடம் போவது? போர்ட் விற்றவர் பவர் சப்ளையைக் குறை சொல்வார். பவர் சப்ளை விற்றவர் போர்டைக் காட்டுவார். ஆகவே, கோளாறு எங்கே என்பதை ஓரளவுக்கு நாமே பிரித்தறிந்து கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே பிளக் பொயின்டில் ஒரு மேசை விளக்கைப் போட்டுப் பாருங்கள். 2022 மின்வெட்டுக் காலத்தில் யூ.பி.எஸ். வாங்கிய கடைகள் அநேகம். அது ஓஃப் ஆகி இருந்தால் கணனிக்கு ஒன்றும் வராது. சதுர முனை பிளக்கின் உள்ளே ஒரு பியூஸ் இருக்கின்றது, அதையும் பாருங்கள். பவர் சப்ளையின் பின்புறத்தில் கோடும் வட்டமும் போட்ட சிறு சுவிட்ச் ஒன்று உண்டு. கோடு போட்ட பக்கம் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். பழைய, மலிவான பவர் சப்ளைகளில் 115, 230 என்று இன்னொரு சிவப்பு சுவிட்சும் இருக்கும். நமது மின்சாரம் 230 வோல்ட். அதை 115இல் வைத்துப் போட்டால் ‘டப்’ என்ற சத்தத்தோடு கதை முடிந்துவிடும்.

இனி பிளக்கைக் கழற்றிவிட்டு, கேசிங்கின் உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னைப் போக்கிக் கொண்டு உள்ளே பாருங்கள். போர்டுக்கு வரும் 24 முனை இணைப்பு ‘கிளிக்’ என்று பூட்டும்வரை அழுந்தியிருக்க வேண்டும். ப்ரொசசருக்கு அருகில் 4 அல்லது 8 முனைகளோடு வேறொரு இணைப்பு உண்டு. பலர் மறப்பது இதைத்தான்.

எங்கள் தெருவில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு, “போர்ட் போயிட்டு முதலாளி, புதுசு போடணும்” என்று சொல்லிவிட்டார் திருத்த வந்தவர். போர்டோடு வந்த கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு நான் பார்த்தேன். முன்பக்க பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரண்டு முனை வயர், பக்கத்திலிருந்த வேறு முனைகளில் செருகப்பட்டிருந்தது. மாற்றிச் செருகியதும் இயங்கிவிட்டது. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், அந்த வயரைக் கழற்றிவிட்டு, மின்சாரம் வரும் நிலையில், பவர் சுவிட்சுக்குரிய இரண்டு முனைகளையும் ஸ்குரூ ட்ரைவர் நுனியால் ஒரு விநாடி ஒன்றாகத் தொடுங்கள். இயங்கினால் குறை பட்டனிலோ வயரிலோதான். கையேட்டைப் பார்க்காமல் கண்ட முனைகளைத் தொட வேண்டாம்.

அதற்கும் அசையாவிட்டால் பவர் சப்ளையைத் தனியே சோதிக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, எல்லா இணைப்புகளையும் கழற்றி, 24 முனை இணைப்பில் பச்சை வயரையும் ஏதேனும் ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப் ஒன்றால் இணைத்த பிறகு மின்சாரத்தைக் கொடுங்கள். எல்லா வயரும் கறுப்பாக இருக்கும் மாதிரிகளில் பச்சைக்குரியது 16ஆவது முனை. சிலவற்றின் விசிறி சுமை இல்லாதபோது சுழலாது. ஆகவே கேசிங் விசிறி ஒன்றையும் மாட்டிப் பாருங்கள். சுழலாவிட்டால் பவர் சப்ளைதான் குற்றவாளி. சுழன்றால் முழுக்க நல்லது என்றும் சொல்ல முடியாது, சுமை ஏறும்போது விழுவனவும் உண்டு. எக்காரணம் கொண்டும் அதன் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஒரு விநாடி ஓடி உடனே நிற்கின்றதா? எங்கோ ஷோர்ட் ஆகியிருக்கலாம். போர்டின் அடியில் பித்தளைக் கால் ஒன்று தேவையில்லாத இடத்தில் முட்டிக் கொண்டிருக்கலாம். போர்டை வெளியே எடுத்து, அது வந்த காகித அட்டைப் பெட்டியின்மேல் வைத்து, ப்ரொசசர், அதன் விசிறி, ஒரேயொரு ரெம், பவர் சப்ளை ஆகியவற்றோடு மட்டும் இயக்குங்கள். அங்கே ஓடினால் பிழை கேசிங்கிலோ கழற்றி வைத்த பாகங்களிலோ இருக்கலாம். ஓடாவிட்டால் நன்றாக இயங்கும் வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்க்கலாம். அப்போது அதனுடைய சொந்த வயர்களையே பாவியுங்கள். கழற்றி மாட்டும் வயர்கள் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். மாற்றிப் போட்டால் நல்ல போர்டும் கருகும்.

விசிறி சுழல்கின்றது, திரையில் படம் மட்டும் இல்லை என்றால் அது வேறு நோய். ரெம்மைக் கழற்றி அழுத்திப் போடுங்கள். இன்டெல் ப்ரொசசரின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் அதில் படம் காட்டும் வசதி இல்லை. தனி கிராபிக்ஸ் கார்ட் வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் பில்லோடு பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள், சீரியல் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். ப்ரொசசர் உட்காரும் இடத்தின் நுண்ணிய ஊசிகள் வளைந்திருந்தால் அநேகமாக வொரன்டி கிடைக்காது. ஆகவே போர்டை ஒப்படைக்கு முன் அவ்விடத்தைத் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் கண்முன்னாலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.