தீவகப் போக்குவரத்தும் எதிர்த்திசைப் பயணிகளும்

போக்கு, வரத்து என்னும் இரு சொற்கள் இணைந்து உருவானதே போக்குவரத்து. ஒரு பயணவழி நிலைபெறுதற்குப் போவோர் மட்டும் போதார், வருவோரும் வேண்டும். யாழ்ப்பாணத் தீவகத்தின் பயணவழிகளை ஆராயப் புகுவோர்க்கு இவ்வெளிய உண்மை பல செய்திகளை விளக்கவல்லது. நயினாதீவுக்குப் பகற்பொழுதில் அடுத்தடுத்துப் படகு கிடைப்பதும், நெடுந்தீவுக்கு நாளொன்றிற்குச் சில தடவைகளே கிடைப்பதும் கடலின் அகலத்தால் மட்டும் நேர்ந்தனவல்ல என்பதே நாம் ஈண்டுக் காட்ட முனைவது.

தீவகத்தில் என்றும் புகையிரதம் ஓடியதில்லை. 1902ஆம் ஆண்டு காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்குமிடையே தொடங்கிய சேவை 1905இல் தென்னிலங்கையோடு இணைந்தபோது, அப்பாதை கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் என வலிகாமத்து ஊர்களின் வழியே வடக்கு நோக்கிச் சென்றது. அவ்வூரார் காலையில் நகருக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் வாய்ப்பினைப் பெற்றனர். தீவகத்தாருக்கோ அக்காலத்திற் கடலே வீதி. அதன் தலைவாயிலாக ஊர்காவற்றுறை விளங்கிற்று. அத்துறையை ஆங்கிலத்திற் குறிக்கும் ‘கயிற்ஸ்’ என்ற பெயர், இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது.

குடாநாட்டை அடுத்த தீவுகளைச் சூழ்ந்திருப்பது ஆழம் குறைந்த பரவைக்கடல். ஆதலாலேயே அங்குக் கல்லும் மண்ணும் இட்டுத் தாம்போதிகள் அமைத்தல் இயன்றது. பொன்னாலைத் தாம்போதி காரைநகரைக் குடாநாட்டோடு இணைத்தது. பண்ணைத் தாம்போதி வேலணைத் தீவை யாழ்நகரோடு சேர்த்தது. வேலணையையும் புங்குடுதீவையும் இணைப்பது, ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளமுள்ளதும் ஊர் மக்கள் ‘வாணர் தாம்போதி’ என வழங்குவதுமான நெடும்பாதை. இவற்றின் பயனாக, புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் தீவகப் பயணத்தின் புதிய வாயிலாயிற்று. ஊர்காவற்றுறையின் முதன்மை குன்றிற்று. அங்கிருந்து காரைநகருக்குள்ள ஒடுங்கிய நீர்ப்பரப்பை இன்றும் மிதவைப் பாதையிலேயே கடக்கின்றனர்.

குறிகட்டுவானுக்கு அப்பால் தாம்போதி செல்லவில்லை. அங்கிருந்து நயினாதீவு ஏறக்குறைய 20 நிமிடப் படகுப் பயணம். நெடுந்தீவு ஒரு மணி நேரம் வரை. சோளகக் காற்று வலுக்கும் மாதங்களில் நெடுந்தீவுக் கடல் எளிதில் இடங்கொடாது. இவ்வேறுபாடு உண்மையே. ஆயினும் சேவையின் தொகை வேறுபடுவதற்குக் கூடிய காரணம் பயணிகளின் திசையிலேயே உளது. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் நாடெங்குமிருந்து மக்களை நயினாதீவுக்கு ஈர்க்கின்றன. காலையில் தீவினரை ஏற்றிவந்த படகு வெறுமையாகத் திரும்ப வேண்டியதில்லை. அடியார்களை ஏற்றிச் செல்கிறது. இருதிசையிலும் கூலி கிடைப்பதால் தனியார் படகுகள் பல அங்குத் தொழில் நடத்துகின்றன. ஏறத்தாழ 4,000 மக்களே வாழும் நெடுந்தீவில், காலையிற் புறப்படும் படகு நிறையும். அதே படகின் மறுபயணம் நிறைவது அரிது.

இவ்விடர் தீவகத்திற்கு மட்டும் உரியதன்று. யப்பானில் ஒசாக்கா நகரின் உமேதாவிலிருந்து தகராசுக்காவுக்கு 1910ஆம் ஆண்டு மார்ச்சில் மின்சாரப் புகையிரதம் ஓடத் தொடங்கியபோது, வழிநெடுக வயல்களே பெரும்பான்மை. அதனை நடத்திய கொபயாசி இச்சிசோ, அவ்வாண்டிலேயே இக்கேடாவில் வீடுகளைக் கட்டித் தவணைமுறையில் விற்றார். அவ்வீடுகளில் வாழ்ந்தோர் காலையில் நகருக்குச் சென்றனர். எதிர்த்திசையில் ஓடும் வண்டிகள் வெறுமையாகாதிருத்தற்பொருட்டு, பாதையின் மறுமுனையான தகராசுக்காவில் 1911இல் வெந்நீர்க் குளியலகம் ஒன்றைத் திறந்தார். அங்கு 1914இற் பெண்களே நடிக்கும் இசை நாடகமும் அரங்கேறிற்று. 1929இல் உமேதா நிலையத்திலேயே பல்பொருள் அங்காடி எழுந்தது. இன்று ஹன்கியூ என வழங்கும் அந்நிறுவனத்தின் வளர்ச்சி, வரத்தினைத் தானே படைத்துக்கொண்ட ஒரு பாதையின் வளர்ச்சியாகும். (வணிக நோக்கே அங்கு முதன்மையானது என்பதை நாம் மறக்கலாகாது.) நயினாதீவுக்கு அதனைத் தெய்வம் தந்தது எனல் மிகையன்று.

நெடுந்தீவுக்கு அவ்வாறு எதுவும் வாய்க்காமையால் அத்தீவின் சேவை அரசின் கையிலேயே பெரிதும் தங்கிற்று. நெடுந்தீவாரின் நாளாந்த வாழ்வு அப்படகுகளோடு எத்துணைப் பிணைந்தது என்பதற்குக் கொடிய சான்றொன்று உண்டு. 1985 மே 15ஆம் நாள் காலை குறிகட்டுவான் நோக்கி வந்த ‘குமுதினி’ படகிற் பெண்களும் குழந்தைகளுமுட்பட 20க்கு மேற்பட்டோர் நடுக்கடலிற் கடற்படையினராற் கொல்லப்பட்டனர். அவர்கள் அலுவலுக்கும் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் சென்றுகொண்டிருந்த அன்றாடப் பயணிகளே. 1990இல் போர் தீவகத்தைச் சூழ்ந்தபின், புங்குடுதீவு, வேலணை போன்ற பாதையுள்ள ஊர்களும் ஆட்களை இழந்தன. பாதை மீண்டும் திறந்தபோதும் குடிபெயர்ந்தோரிற் பலர் திரும்பிலர்.

இந்நிலையில் நெடுந்தீவுக்குப் புதிய படகுகள் வழங்குதல் நன்றே. 2017இற் சேவைக்கு வந்த ‘நெடுந்தாரகை’ அவற்றுள் ஒன்று. ஆனால் படகின் தொகையினும் அதன் நேரமே முடிபான காரணி என்பது நம் கருத்து. படகு இரவில் எக்கரையிற் கட்டப்படுகிறதோ அக்கரையினரே மறுநாள் முதலிற் புறப்பட முடியும். நெடுந்தீவிற் கட்டப்படின் தீவினர் காலையில் நகர்சென்று மாலையில் மீளலாம். எனினும் நகரிலிருந்து வரும் ஆசிரியர் பாடசாலை மணிக்குமுன் வந்துசேர இன்னொரு படகு தேவை. குறிகட்டுவானில் படகு கரைசேரும் வேளையும் யாழ்ப்பாணப் பேருந்து புறப்படும் வேளையும் பொருந்தாவிடின் ஒரு மணி நேரக் கடற்பயணம் அரைநாட் பயணமாகிவிடும். யாழ்ப்பாண வைத்தியசாலையில் மருந்து பெற்று அன்றே வீடு திரும்ப விரும்பும் முதியவருக்கு, மாலைப் படகு தவறின் அன்றிரவு தங்குமிடமும் தேடவேண்டியிருக்கிறது.