புகை தெரியிற மட்டும்

விழிதியூரிலிருந்து கடல் தெரியாது. காரைக்காலை அடுத்த நிரவிப் பக்கத்து வயலும் வாய்க்காலும்தான் எங்கள் ஊர். காவிரித் தண்ணீர் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்று கடைமடையில் கிடப்பது. ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் காற்று கிழக்கிலிருந்து எழும்பினால் இரைச்சல் மட்டும் வந்து சேரும். "கடல் கத்துது, விடிஞ்சா மழை" என்பார்கள். கடலுக்கும் எங்களுக்கும் அவ்வளவுதான் பேச்சு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன்பு ரீயூனியன் தீவிலிருந்து ஒருவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் என் நண்பர் ஒருவர் அவரை அழைத்து வந்தார். எங்கள் பக்கத்தில் 'சொல்தா' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அப்படி ஒரு சொல்தா. வந்தவர் கையில் தன் முன்னோர் ஒருவர் கப்பல் ஏறிய பழைய பதிவேட்டின் நகல் ஒன்று. ஓர் எண், பிரெஞ்சுக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஒரு பெயர், வயது. பிறந்த ஊர் என்ற இடத்தில் காரைக்கால் என்று மட்டும். கொம்யூன் இல்லை, கிராமம் இல்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனிதர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.

சாயங்காலம் காரைக்கால் கடற்கரைக்குப் போனோம். அவர் இரண்டு கேள்வி கேட்டார், சொல்தா மொழிபெயர்த்தார். கப்பல் எங்கே நின்றது? குடும்பத்தார் எங்கே நின்று பார்த்தார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் இருந்தது. இங்கே ஆழம் கிடையாது. அரசலாற்று முகத்துவாரத்தில் சின்னத் தோணி நுழையலாம், பெரிய கப்பல் கரைக்கு வரவே முடியாது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைச் சலங்கில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது, அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். கையை நீட்டி, "அதோ, அங்கே" என்று காட்டினேன். இரண்டாவது கேள்விக்கு, கலங்கரை விளக்கத்துப் பக்கம் காட்டி, "இங்கேதான் நின்றிருப்பார்கள்" என்றேன். மரியாதைக்குச் சொன்ன பொய். அவர் அங்கே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

கப்பல் போன அன்றைக்கு யாரும் நின்றிருக்க மாட்டார்கள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பிரான்சு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது 1848இல். கரும்புத் தோட்டம் ஒழியவில்லை, வெட்ட ஆள் வேண்டும். புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் வாசல்கள் ஆயின. 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினீக் தீவின் சேன்-பியேர் துறையில் முதல் கூட்டத்தை இறக்கியது. 1854 கடைசியில் அதே கப்பல் குவாதலூப் போய்ச் சேர்ந்தது. ரீயூனியன் நமக்குப் பக்கம், அங்கே இன்னும் அதிகம் பேர் போனார்கள், ஒரு லட்சத்துக்கும் மேல். மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பாய்மரத்தில் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஐந்து வருஷ ஒப்பந்தம். முடிந்தால் திரும்பக் கப்பல் உண்டு என்பது காகிதத்தில் இருந்த சொல்.

ஏறியவர்களில் பெரும் பகுதி காரைக்கால்காரர்கள் அல்ல. தஞ்சாவூர்ச் சீமையின் கூலிகள், ஆங்கிலேய ஆட்சிப் பிரஜைகள். ஒரு வாய்க்காலைத் தாண்டினால் பிரெஞ்சு மண். சட்டம் மாறும், போலீஸ் மாறும். இந்த வாய்க்கால் விவகாரத்தில் ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள் நன்றாகப் பிழைத்தார்கள். பக்கத்து ஊரில் நடவு வேலை என்று சொல்லி அழைத்து வந்தது, சந்தையில் தனியாக நின்றவனைச் சோறு வாங்கித் தருகிறேன் என்று கூட்டி வந்தது என்று எத்தனையோ. தஞ்சாவூரிலிருந்து ஆளைக் கடத்துகிறார்கள் என்று சென்னை அரசாங்கத்துக்குப் புகார் மேல் புகார் போனது. 1861 ஜூலை 1ஆம் தேதி லண்டனும் பாரிசும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. அதற்குப் பிறகு பிரெஞ்சுத் துறைமுகத்திலேயே ஆங்கிலேய அதிகாரி ஒருவர் உட்கார்ந்து, "நீயாகத்தான் போகிறாயா?" என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். கப்பல் வரும் வரை ஆட்களை வைத்திருக்கும் டிப்போவுக்குள் பல நாள் மேஸ்திரி போட்ட சோற்றைத் தின்றவன், மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன பதில் சொல்வான்?

ஆக, போகிறவன் வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தவன் அல்ல. வீட்டுக்காரிக்கு அவன் திருநள்ளாற்றுக்குப் போனானா, ஆற்றில் போனானா என்பதே தெரியாது. அவள் எந்தக் கரையில் போய் நிற்பாள்? பஞ்ச காலத்தில், 1876 முதல் 78 வரை, குடும்பமாகவே கப்பல் ஏறியவர்களும் உண்டு. அவர்களை வழியனுப்ப ஊரில் யார் மிச்சம்? அலையில் சலங்கு ஏறி இறங்குவதைப் பார்த்தவர்கள் படகோட்டிகளும் டிப்போ சிப்பாய்களும் வலை காயப்போட்டவர்களும்தான். கரையில் கண்ணீரோடு ஒரு பெண் நிற்கும் காட்சியை நாடகமும் சினிமாவும் பிற்பாடு நமக்குக் கொடுத்தன என்பது என் சந்தேகம்.

ஆபத்து எது என்று அந்தப் படகோட்டிகளுக்கும் தெரிந்திருக்காது. புயல் என்று நினைத்திருப்பார்கள். புயலைவிடக் கப்பலுக்குள் காலராவும், போய்ச் சேர்ந்த இடத்தில் தோட்டமும் அதிகம் கொன்றன. குவாதலூப்புக்குப் போனவர்கள் சுமார் 42,000 பேர். ஒப்பந்தம் முடித்துத் திரும்பியவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கேயே மாண்டார்கள். சாவு விகிதத்தைப் பார்த்துத்தான் 1882 நவம்பரில் ஆங்கிலேய அரசு ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிரெஞ்சு மேற்கிந்தியத் தீவுகளுக்கும் நின்றது.

போனவர்கள் கடைசியாக எதைப் பார்த்திருப்பார்கள் என்பதற்கு மட்டும் ஒரு தடயம் உண்டு. குவாதலூப்பிலும் மார்த்தினீக்கிலும் மாரியம்மன் பூசையோடு நாகூர் மீராவுக்கும் கொடி ஏற்றுகிறார்கள். அங்கே பெயர் தேய்ந்து 'நாகூர்மிலா' மாதிரி ஆகிவிட்டது. ரீயூனியனில் இன்னொரு விதமாகத் தேய்ந்திருக்கிறது. பாய்மரம் போல உயரமான கம்பம், உச்சியில் கொடி. ஏற்றுகிறவர்களில் பலர் இந்துக்கள், சிலர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். காரைக்காலுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் நாகூர். கப்பல் கரையை விட்டு விலகும்போது தென்னந்தோப்பெல்லாம் மறைந்த பிறகும் தர்காவின் பெரிய மனோரா தெரியும். கடலில் போகிறவர்களைக் காக்கிறவர் என்று எந்தச் சாதிக்காரனும் நம்பியவர் அந்த ஆண்டவர். கரையில் ஆள் இல்லாதவர்களுக்கு மனோராவாவது நின்றது.

கரையில் கூட்டம் நின்ற காலம் இதற்குப் பிறகு வந்தது. அதை எனக்குச் சொன்னவள் என் அப்பாயி.

பினாங்குக் கப்பல் காலம் அது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர். 'ரஜுலா' 1926இல் கட்டப்பட்டு, 1973 வரை ஓடியது. பிள்ளைக்குப் பெயர் வைக்காத குறையாக அந்தப் பெயர் எங்கள் வட்டாரத்தில் புழங்கியது. பிரெஞ்சுக் குடிகளுக்குச் சைகோன் என்று இன்னொரு திசையும் இருந்தது. காரைக்கால் மரைக்காயர் வீடுகளில் சைகோன் சாமான்கள் இன்னும் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் மலாயாதான். அப்பாயியின் அண்ணன், 1941ஆம் வருஷம் நடுவில், தோட்டத்தில் கணக்கு எழுதப் போனார். இந்த முறை வீட்டில் சொல்லிக்கொண்டு, நாள் பார்த்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு. வாஞ்சூர் சுங்கச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துக் காட்டி, இங்கிலீஷ் எல்லைக்குள் போய், நாகை கரையில் மொத்தக் குடும்பமும் நின்றது.

"கப்பல் நாம நெனைக்கிற மாதிரி சட்டுனு போயிடாது தம்பி" என்பாள் அப்பாயி. "நாளெல்லாம் நிக்கும். படகு போகும், வரும், போகும். இன்னும் போகலியே, எறங்கி வந்துருவாரோன்னு இருக்கும். அப்புறம் ஒரு சங்கு ஊதுவான். கப்பல் மறைஞ்சப்புறமும் புகை தெரியும். புகை தெரியிற மட்டும் நின்னோம்."

அந்த டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தபாருவில் இறங்கினான். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மணியார்டர் நின்றது, கடிதம் நின்றது. அடுத்த மூன்றரை வருஷம் அப்பாயி வீட்டார் எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை. சயாம் ரயில் பாதைக்குத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போனதெல்லாம் யுத்தம் முடிந்த பிறகு வந்த சேதி. அண்ணன் 1947இல் வந்து சேர்ந்தார். எதுவும் சொன்னதில்லை. வீட்டில் மரவள்ளிக்கிழங்கு வேகிற வாசம் வந்தால் மட்டும் எழுந்து தெருவுக்குப் போய்விடுவாராம். ஜப்பான் காலத்து மலாயாவில் அரிசி இல்லாமல் ஜனங்கள் அதைத்தான் தின்றார்கள் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் வாயால் இல்லை.

விமானம் வந்தது, அந்தக் கரைக் கூட்டம் கலைந்தது. இப்போது துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவனைத் திருச்சி விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் பார்க்கலாம். காரைக்காலில் கப்பல் வருவது நின்றுவிடவில்லை. 2009இலிருந்து வாஞ்சூர்க் கரையிலேயே துறைமுகம் இருக்கிறது, 2023இல் அது அதானி கைக்குப் போனது. சலங்கு வேண்டாம், பெரிய கப்பலே கரையை ஒட்டி வந்து நிற்கிறது. அதில் ஏற மனிதர்கள் இல்லை, இறங்குவது நிலக்கரி.

கடலுக்குப் போகிற ஆட்கள் இன்று மீனவர்கள்தான். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி. கரையில் நிற்பவர் பத்திரம், கடலில் போகிறவருக்கு ஆபத்து என்ற கணக்கை 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊர்களில் தலைகீழாக்கியது. இந்தக் கரை நெடுக, ஆழத்தில் இருந்த படகுகளுக்கு அலை அடியில் போனதே தெரியவில்லை. திரும்பி வந்தபோது கரைதான் இல்லை.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாள் அந்தப் பக்கத்துக்காரி. அலுமினியச் சட்டியும் தராசுமாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள். மகன் விசைப்படகில் தங்குகடல் போகிறவன். படகு போகும்போது ஜெட்டிக்குப் போய்ப் பார்ப்பீர்களா என்று ஒருநாள் கேட்டேன்.

"நடுராத்திரில எடுப்பாங்கண்ணே, எங்க போய்ப் பாக்குறது? டவர் இருக்கிற மட்டும் பேசுவான். அப்புறம் இல்ல."

அவளுக்கும் கரை தேவைப்படவில்லை. கடைசியாகக் கேட்ட குரலும், வாட்சாப்பில் ஒற்றை டிக்கும்தான். படகில் ஜிபிஎஸ் உண்டு, வயர்லெஸ் உண்டு, இப்போது டிரான்ஸ்பாண்டர் வேறு. படகு எங்கே நிற்கிறது என்று ஓனருக்கும் மீன்வளத் துறைக்கும் தெரியலாம், பெற்றவளுக்குத் தெரிகிற வழி ஒன்றும் இல்லை. புயல் பற்றி அவள் அதிகம் கவலைப்படுவதில்லை. துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவதற்கு முன்பே போனில் வந்துவிடுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகேதான் கரையேறியது. அதற்குள் படகெல்லாம் திரும்பிவிட்டது என்கிறாள். அவள் பயம் எல்லைக் கோட்டைப் பற்றியது.

2025 ஜனவரி 28 விடியற்காலை நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டது. காரைக்கால் படகு, 13 பேர். இரண்டு பேருக்குப் பலத்த காயம், யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையில் சேர்த்தார்கள். மேலும் மூன்று பேருக்கு லேசான காயம். டெல்லியில் இலங்கைத் தூதரக அதிகாரியைக் கூப்பிட்டுக் கண்டனம் சொன்னார்கள். குண்டு தவறுதலாக வெடித்தது என்றது இலங்கைத் தரப்பு. இங்கே பெண்கள் கூடினார்கள், கடற்கரையில் அல்ல, ரோட்டிலும் அலுவலக வாசல்களிலும். சேதி இன்று கடலிலிருந்து வருவதில்லை, அந்த வாசல்களிலிருந்துதான் வருகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நெடுந்தீவிலும் ஒரு கரை இருக்கிறது, அங்கே நிற்பவர்களும் தமிழர்கள். நம் இழுவை மடி அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிறது. கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த யுத்தத்தில் கடலுக்கே சரியாகப் போக முடியாமல் இருந்து, அது முடிந்த பிறகுதான் மறுபடி வலை போடத் தொடங்கியவர்கள். இரவில் வரிசையாக விளக்கு தெரிந்தால் அவர்களுக்கு அது ஆபத்து, நமக்கு அது பிழைப்பு. இதை மீன்காரம்மாவிடம் சொன்னால் அவள் மறுப்பதில்லை. "வாங்கின கடனுக்கு இந்தப் பக்கம் மீன் எங்கண்ணே இருக்கு?" என்பாள்.

போன ஐப்பசியில் ஒருநாள் சங்கரா கொண்டுவந்தாள். கிலோ நானூறு என்றாள், நான் முந்நூற்றைம்பது என்றேன். அது வேறு படகு மீன். மகன் போய் நாலு நாள் ஆகியிருந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது இடுப்பில் போன் அடித்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை.

"டவருக்குள்ள வந்துட்டான்" என்று சொல்லிப் போனைச் செருகிக்கொண்டாள். தராசைத் தூக்கினாள். நானூறுக்குத்தான் கொடுத்தாள்.