பிள்ளைப்பணம் யாருக்கு?

வெளிநாட்டவர் பிள்ளைப்பணத்துக்காகவே பிள்ளை பெறுகிறார்கள் என்ற பேச்சு ஜேர்மனியில் பழையது. நம்மவரில் முந்தி வந்தவர்கள் பிந்தி வந்தவர்களைப் பார்த்து இதையே சொல்வதுமுண்டு. கணக்கைப் பார்ப்போம்.

2025இல் கிண்டர்கெல்ட் பிள்ளையொன்றுக்கு மாதம் 255 யூரோ. எல்லோருக்கும் ஒரே தொகை என்பது வெளித்தோற்றம் மட்டுமே. அரச உதவியில் வாழ்ந்த குடும்பத்தில் எட்டு வயதுப் பிள்ளையின் அன்றாடச் செலவுக்கென அந்த ஆண்டு நிர்ணயிக்கப்பட்ட தொகை 390 யூரோ. கிண்டர்கெல்ட்டைப் பிள்ளையின் வருமானமாகக் கணித்துக் கழித்துக்கொண்டு, மிச்சம் 135 யூரோவையே கொடுத்தார்கள். அதாவது, கிண்டர்கெல்ட் வந்தும் அந்த வீட்டுக்கு ஒரு சதமும் கூடவில்லை. வருமானம் கூடியவருக்கோ வரிக்கந்தோரே எது இலாபம் என்று பார்த்துக் கொடுக்கிறது. 2025இல் பிள்ளைக்கென 9600 யூரோவுக்கு வரி இருக்கவில்லை. 42 வீத வரி கட்டியவருக்கு இது மாதம் 336 யூரோ பெற்றது. பணக்காரப் பிள்ளைக்குப் பசி கூடவாக்கும்!

அகதி வழக்கு முடியாதவர்களுக்குப் பொதுவாகக் கிண்டர்கெல்ட்டே இல்லை. மனிதாபிமான அடிப்படையில் வதிவிட அனுமதி பெற்றிருந்தவர்களையும் 1994, 1995ஆம் ஆண்டுகளில் சட்டம் ஒதுக்கி வைத்தது. அது அரசியலமைப்புக்கு முரண் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2004இல். 1994இல் பிறந்த பிள்ளைக்கு அப்போது பத்து வயது.