பேராலய நகரம் உதகை

பேராலயம் உள்ள ஊரே ‘சிட்டி’ என்பது இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலவிய மரபு. அந்த அளவுகோலின்படி நம் உதகையும் ஒரு பேராலய நகரமே. 1955இல் உதகை மறைமாவட்டம் அமைந்தது. திரு இருதய ஆலயம் பேராலயமாயிற்று. நம் கல்லூரி தோன்றியதும் அதே ஆண்டில்தான்!

ஆயினும் நகரின் கதை அதற்கும் முந்தியது. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் இம்மலைக்கு வந்தார். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கி, 1822இல் வீடு கட்டத் தொடங்கினார். மலைமக்கள் ‘கல் பங்களா’ என்றழைத்த அவ்வீடே நம் கல்லூரி வளாகத்தில் இன்றும் நிற்கிறது. ஏரியை வெட்டியவரும் அவரே. 1831இல் திறக்கப்பட்ட புனித ஸ்டீபன் ஆலயத்தின் உத்தரங்கள், திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டின அரண்மனையிலிருந்து வந்தவை. 1848இல் தாவரவியல் பூங்காவும், 1866இல் நகராட்சியும், 1908இல் மலை ரயிலும் வந்தன. நகராட்சி மார்க்கெட்டில் சுற்றுக் கிராமங்களின் காரட்டும் உருளைக்கிழங்கும் இன்றும் குவிகின்றன.

என் ஊர் ஜெகதளா. அருகிலுள்ள ராணுவ முகாம் முதலில் எங்கள் ஊர்ப் பெயராலேயே ‘ஜக்கதல்லா’ எனப்பட்டது. 1860இல் அது வெலிங்டன் ஆயிற்று. எங்கள் பெயர் மறைந்தது.

நண்பர்களே, கட்டடங்களின் பெயர்ப்பலகைகளில் தோடர் பெயரோ, கல் சுமந்தவர் பெயரோ இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அன்று கலெக்டர் வாழ்ந்த வீட்டின் வளாகத்தில் இன்று நாம் பயில்கிறோம். விடுபட்ட அப்பெயர்களைத் தேடி எழுதுவது நம் கடமையன்றோ?